நீண்ட ஓட்டத்தில் மட்டும் ஹீட் ஏறுகிறது: காரைக்குடி–திருச்சி ரோடு, கீரனூர் வருவதற்குள் முள் சிவப்பில்

ஊருணிக்கரை (பள்ளத்தூர்) · மே 4, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரத்துக்குள் இன்ஜின் ஹெட்டை (சிலிண்டர்களுக்கு மேலே இருக்கும் பாகம்) இறக்குவதா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வண்டி 2014 மாடல், சின்ன டீசல் கார். 1,36,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் ஒரு முறை அம்மாவை டாக்டரிடம் காட்டத் திருச்சிக்குக் கூட்டிப் போகிறேன். உள்ளூரில் ஒரு குறையும் இல்லை. இந்த வெயிலில் காரைக்குடி கடைவீதியில் ஏ.சி. போட்டு அரை மணி நேரம் நின்றாலும் முள் பாதியில்தான் இருக்கிறது. திருச்சி ரோட்டில் ஏறி 90-ல் போனால்தான் பிரச்சினை. திருமயம் வரை ஒன்றும் தெரியாது. புதுக்கோட்டை தாண்டியதும் முள் மெல்ல அசையும். கீரனூர் வருவதற்குள் சிவப்பைத் தொட்டுவிடும். ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிடம் நின்றால் தானாக இறங்குகிறது. கிளம்பினால் இருபது கிலோமீட்டரில் மறுபடியும் அதேதான்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டும் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு) ரேடியேட்டர் மூடியும் மாற்றினார்கள். 4,800 ரூபாய். ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து பார்த்தவர், ‘ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கி ஃபேஸிங் போட்டுச் சமப்படுத்த வேண்டும், 38,000 ஆகும்’ என்கிறார். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, நான் சொன்னதைக் கேட்டதோடு சரி.

பணம்கூட இரண்டாவது. போன தடவை அம்மாவைப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நான் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அது மனதைப் போட்டு அறுக்கிறது.

குன்றக்குடி_வேல் · மே 4, இரவு 10:05

தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு? என் பழைய வண்டி ஆறு வருஷம் அது இல்லாமல்தான் ஓடியது.

ஆத்தங்குடி_டாக்ஸி · மே 4, இரவு 10:40

தம்பி, காரணம் என்ன என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதற்குள் மறுபடி ரோட்டில் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷமாகச் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று நாள் முழுக்க ஓட்டம்தான்.

முள் ஏறுவது தெரிந்த உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், ஊதலை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே அடுப்படி மாதிரி ஆகிவிடும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து நிழல் பார்த்து நிறுத்துங்கள். முள் சிவப்புக்குள்ளேயே போய்விட்டாலோ ஆவி வந்தாலோ இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். திருமயம் கோட்டைக்கு எதிரே ஒரு டிரைவர் ஈரத் துணியைப் போட்டு மூடியைத் திருகினார். அரைச் சுற்றுதான் வந்திருக்கும். மூடி பறந்தது, தண்ணீர் நெஞ்சு உயரத்துக்கு மேலே பீய்ச்சியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழண்டு வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்குச் சூடு ஆறும்வரை, ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, காத்திருங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டவும் கூடாது, ஹெட்டில் விரிசல் விழும்.

டிப்போ_கை (தேவகோட்டை) · மே 5, காலை 6:10

பஸ் டிப்போவில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் பதிவில் விடை பாதி இருக்கிறது.

நின்றால் இறங்குகிறது, ஓடினால் ஏறுகிறது என்கிறீர்கள். நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது ஃபேன். ஃபேனோ அதன் ரிலேயோ கெட்டிருந்தால் கடைவீதியில் ஏறும், ரோட்டில் இறங்கும். உங்களுக்கு நேர் எதிராக நடக்கிறது. ஆகவே ஃபேனை மறந்துவிடுங்கள். 90-ல் போகும்போது காற்று தானாக வருகிறது, ஆனால் இன்ஜின் உண்டாக்கும் சூடும் பல மடங்கு. அந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு வரும் தண்ணீர் ரேடியேட்டருக்குள் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது வெளியே காற்று அதன் ஊடே புகவில்லை. இந்த இரண்டில் ஒன்று. ஹெட் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை 38,000 செலவில்லாமலே பார்த்துவிடலாம்.

நாளைக் காலை, வண்டி ராத்திரி முழுக்க ஆறிய பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஒரே நிமிடத்தில், தண்ணீர் சூடாவதற்கு முன்பே, கல்லாக இறுகினால் சிலிண்டரிலிருந்து கேஸ் தண்ணீருக்குள் போகிறது. ஆயிலில் மோர் நிறத்தில் பசை இருக்கிறதா என்று டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். இது இரண்டும் நீங்களே செய்யலாம். அப்புறம், ரேடியேட்டர் வாயில் வைக்கிற நீலத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது. கேஸ் வந்தால் நிறம் மாறும். காரைக்குடியில் நல்ல மெக்கானிக் யாரிடமும் இருக்கும்.

இன்னும் ஒன்று. கழற்றிய பழைய தெர்மோஸ்டாட் உங்களிடம் இருக்கிறதா?

வேல் தம்பிக்கு: தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் அதற்குரிய சூட்டுக்கு வருவதே இல்லை. டீசல் கூடக் குடிக்கும், கரி பிடிக்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுசாகத் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி (ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழி) அடைபடும். அதைக் கழற்றினால் சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ஹீட் குறைவதற்குப் பதில் ஏறும்.

குன்றக்குடி_வேல் · மே 5, காலை 7:30

பைபாஸ் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஊருணிக்கரை · மே 6, இரவு 8:50

அண்ணே, சொன்னபடி பார்த்தேன். காலையில் ஹோஸ் மெத்தென்று இருந்தது. ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் வரை இறுகவில்லை. ஆயில் சுத்தமாக இருக்கிறது. காரைக்குடியில் ஒரு மெக்கானிக் 300 ரூபாய்க்கு நீலத் திரவச் சோதனை செய்து கொடுத்தார். கடைசி வரை நீலமாகவே நின்றது. எனக்குப் போன உயிர் வந்தது.

பழைய தெர்மோஸ்டாட் டிக்கியில் கிடந்தது. சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் கரண்டிக் காம்பில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்தில் தெர்மாமீட்டர். அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தகட்டில் 82 என்று பொறித்திருக்கிறது. 80-ல் அசைவில்லை. 83-ல் ஓரத்தில் நூல் அளவு இடைவெளி தெரிந்தது. 95-ல் நடுத்தட்டு நன்றாக விலகி விரல் நகம் நுழையும் அளவு திறந்துகொண்டது. ஆறவிட்டதும் ‘டக்’ என்று மூடிக்கொண்டது. நல்ல பொருளைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

டிப்போ_கை · மே 7, காலை 5:55

சட்டி வைத்துப் பார்த்தது மிக நல்ல காரியம். ஹெட்டை இறக்க வேண்டாம் என்று இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

அடுத்தது அளவு. டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். இந்தக் காலத்து வண்டிகளில் பலதில், சூடு கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது அசையும்போது விஷயம் ஏற்கெனவே முற்றியிருக்கும். ஸ்டியரிங்குக்கு அடியில் ஓ.பி.டி. சாக்கெட் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற இடம்) இருக்கும். அதில் செருகுகிற புளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஓடும் திரவம்) எத்தனை டிகிரி என்று போனில் தெரியும். யாராவது ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊர் ஊராகக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். புதுக்கோட்டை வரை போதும். 105-ஐத் தொட்டால் திரும்பிவிடுங்கள்.

ஒரு கேள்வி. தண்ணீர் குறைகிறதா? குறைந்தால் எதை ஊற்றுகிறீர்கள்?

ஊருணிக்கரை · மே 9, இரவு 9:40

தம்பி மகன் பக்கத்தில் இருந்து எழுதினான். ஏ.சி. போட்டு, முடிந்தவரை 90-ல்:

பள்ளத்தூர் கிளம்பும்போது 84. காரைக்குடிக்குள் 89, 90. திருமயம் 95. லேனா விளக்கு 98. புதுக்கோட்டை வெளியே 103. அங்கே ஒரு டீக்கடையில் ஏ.சி.யை அணைத்து நின்றேன், ஏழு நிமிடத்தில் 91. முள் 103-லும் பாதியில்தான் நின்றது, அண்ணன் சொன்ன மாதிரியே.

தண்ணீர் விஷயம்: ஆமாம், குறைகிறது. வாரம் ஒரு முறை கால் லிட்டர் ஊற்றுவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீரனூர் பக்கம் ஒரு ஹோஸ் கிழிந்து, ரோட்டோரம் மாற்றி, டீக்கடை டிரம்மில் இருந்த தண்ணீரை நிரப்பி வந்தோம். அதிலிருந்து வீட்டுக் குழாயில் வரும் போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்து பார்த்ததில்லை.

டிப்போ_கை · மே 10, காலை 6:05

தம்பி, அந்தக் கால் லிட்டரில்தான் நோய் இருக்கிறது.

வெந்நீர்த் தவலையின் உள்பக்கம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்குமே, அதுதான். உப்புத் தண்ணீர் சூடாகும்போது அதிலிருக்கிற சுண்ணாம்பு சூடான உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை போர் தண்ணீர் நிரப்பி, அது கசியாமல் அப்படியே இருந்தால் பெரிய கெடுதல் வந்துவிடாது. அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு ஒரு தடவை படியும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் வண்டியில் எங்கோ கசிகிறது. கசிந்து போவது தண்ணீர், உள்ளே படிந்து தங்குவது சுண்ணாம்பு. வாராவாரம் புதிதாக ஒரு பங்கு சுண்ணாம்பைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள், இரண்டு வருஷம். ரேடியேட்டர் குழாய்க்குள் வழி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

கூலன்ட் போய்த் தண்ணீர் மட்டும் இருப்பதில் இன்னொரு இழப்பும் உண்டு. தண்ணீரோடு சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், வெறும் தண்ணீர் 100-ல். 1.1 பார் அழுத்தத்துக்கான ரேடியேட்டர் மூடி அழுத்திப் பிடிப்பதால் தண்ணீரும் 120 வரை தாக்குப்பிடிக்கிறது, ஆனால் கசிவு இருந்தால் அந்த அழுத்தமும் நிற்காது. துருவும் பிடிக்கும்.

எங்கள் ஐயா காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்த வீடுகளில் மழை பெய்தால் வளவில் (வீட்டு முற்றத்தில்) அண்டாவை வைத்து, மேலே வேட்டியை விரித்துக் கட்டி, கூரைத் தண்ணீரைப் பிடிப்பார்கள். குடிக்க ஒரு அண்டா, காருக்கென்று ஒரு தகரம் தனியாக. போர் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் கொண்டுவர டிரைவரை விடமாட்டார்கள். மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது என்பதை அவர்கள் தவலையைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார்கள்.

இனிப் பார்க்க வேண்டியது மூன்று. இன்ஜின் சூடானதும், ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும் முன்பு, தூரத்திலிருந்து சூடு காட்டும் துப்பாக்கியால் ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமாக அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஓடாத குழாய்கள் குளிர்ந்த திட்டாகக் காட்டிக்கொடுக்கும். அடுத்து, ஒருவர் 3,000 சுற்றுக்கு முறுக்க, கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் இழுக்கிறது, ரேடியேட்டர் கொடுக்கவில்லை என்றால் ஹோஸ் உள்வாங்கிச் சப்பும். மூன்றாவது, ஆறிய வண்டியில் பிரஷர் பம்ப் வைத்து 1 பார் ஏற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். கசிவு தெரிந்துவிடும்.

புதுவயல்_மில் · மே 10, பகல் 1:15

வண்டியைப் புதுவயல் பக்கம் ரைஸ் மில்களில் நிறுத்துவீர்களா? எங்கள் மில்லுக்கு வந்துபோகிற வண்டிகளில் ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உமித்தூசி மெத்தை போல அடைத்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது, மேலே இருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

குன்றக்குடி_வேல் · மே 10, பகல் 2:00

கசிவுக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் நிற்கும் என்கிறார்களே, அது சரியா?

டிப்போ_கை · மே 10, பகல் 2:35

போடாதீர்கள் தம்பி. ஓட்டையை அடைக்கிற தூள் மெல்லிய குழாயையும் சேர்த்து அடைக்கும். நடுக்காட்டில் வேறு வழியே இல்லாமல் ஊர் போய்ச் சேர ஒருவர் போட்டால் அது வேறு. அப்படிப் போட்டவர் மறுநாளே எல்லாவற்றையும் இறக்கிக் கழுவ வேண்டும்.

ஊருணிக்கரை · மே 13, இரவு 10:20

நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று முழு நாளும் அதே காரைக்குடி மெக்கானிக் பட்டறையில் இருந்தேன்.

துப்பாக்கியில் ரேடியேட்டரின் மேல் பக்கம் 86 காட்டியது. நடுவில் 78. இடது கீழ் மூலையில் 47. இரண்டு கை அகலத்துக்கு அந்தக் குளிர்ந்த திட்டு, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மெக்கானிக் என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பக்கத்தில் சுடுகிறது, அந்த இடத்தில் வெதுவெதுப்புதான்.

கீழ் ஹோஸ் விஷயத்தை மறக்கவே மாட்டேன். அவர் பையன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, உருண்டையாக இருந்த ஹோஸ் நடுவில் குழி விழுந்து, உறிஞ்சுகிற வாய் மாதிரி சப்பிக்கொண்டது. காலை எடுத்ததும் மறுபடி உப்பியது. கடைவீதியில் ஏன் ஒன்றும் ஆகவில்லை, 90-ல் ஏன் ஏறியது என்று அப்போதுதான் எனக்குக் கண்ணால் புரிந்தது. மெதுவாகப் போகும்போது தேவைப்படுகிற தண்ணீருக்கு மிச்சமிருந்த குழாய்களே போதுமாக இருந்திருக்கிறது.

கசிவு, இன்ஜினுக்குப் பின்னால் ஹீட்டர் ஹோஸ் கிளாம்பில். சூடான உலோகத்தில் படுவதால் சொட்டாக விழாமல் அங்கேயே காய்ந்து, கிளாம்பைச் சுற்றி விபூதி பூசினது போல வெள்ளையாக இருந்தது. நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், தூசி என்று நினைத்திருக்கிறேன்.

மில் அண்ணன் சொன்னதும் உண்மை. ரேடியேட்டரை இறக்கியதும் கண்டன்சர் பின்பக்கம் உமியும் பூச்சியுமாக ஒரு போர்வை. கைநிறைய அள்ளினோம். பம்பருக்கு அடியில் காற்றைத் திருப்பிவிடுகிற கறுப்பு பிளாஸ்டிக்கும் பாதி உடைந்து போயிருந்தது, அதையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

சிட்ரிக் ஆசிட் போட்டுக் கழுவிப் பார்க்கலாமா என்று மெக்கானிக் கேட்கிறார். என்ன செய்யட்டும் அண்ணே?

டிப்போ_கை · மே 14, காலை 5:50

லேசாகப் படிந்திருந்தால் கழுவச் சொல்வேன். மூன்றில் ஒரு பங்கு அடைத்துவிட்டால், ஆசிட் திறந்திருக்கிற குழாய்களின் வழியாகத்தான் ஓடும், அடைத்த குழாய்க்குள் போகாது. அலுமினியம் வேறு, கூடுதலாக ஊறினால் அரிக்கும். புது ரேடியேட்டர் போடுங்கள். கீழ் ஹோஸையும் மாற்றுங்கள், ஒரு முறை சப்பிப் பழகிய ஹோஸ் உள்ளே பிளந்திருக்கும். இன்ஜின் பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டு எதிர்த்திசையில் அலசி, கடைசியாக ஒரு முறை டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள்.

கூலன்ட் உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற வகைதான். பச்சையும் சிவப்பும் கலக்க வேண்டாம், நிறத்தை மட்டும் பார்த்தும் வாங்க வேண்டாம். நிரப்பும்போது முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, ஹோஸைப் பிசைந்து பிசைந்து குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள். காற்று அடைத்துக்கொண்டால் புது ரேடியேட்டரிலும் முள் ஏறும், பிறகு மறுபடி ஹெட் கேஸ்கெட் என்பார்கள்.

வடித்த தண்ணீரைச் சாக்கடையிலோ ஊருணிப் பக்கமோ விடாதீர்கள். கூலன்ட் இனிக்கும், ஆடு மாடு நாய் நக்கிவிடும். அது விஷம்.

ஊருணிக்கரை · மே 19, இரவு 8:30

வேலை முடிந்தது. ரேடியேட்டர், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், கிளாம்புகள், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 11,600. இன்று அம்மாவை ஏற்றிக்கொண்டு திருச்சி போய் வந்தேன். வெளியே 39 டிகிரி, ஏ.சி. முழு நேரமும், 90-க்குக் குறையாமல். திருமயம் 90, புதுக்கோட்டை 92, கீரனூர் 92. திரும்பும்போது புதுக்கோட்டைக்குள் நெரிசலில் 95 போய், ஃபேன் சுற்றியதும் 91. அவ்வளவுதான். கீரனூர் தாண்டும்போது அம்மா அந்தப் புளியமரத்தைக் காட்டி, ‘இங்கேதானேப்பா உட்கார்ந்திருந்தேன்’ என்றார்கள்.

பழைய ரேடியேட்டரை நன்றாகக் கழுவிக் காயவைத்து மில் தராசில் போட்டுப் பார்த்தோம். புதிதைவிட எடை கூட இருந்தது. ஓரமாக அறுத்தும் பார்த்தோம். கீழ் வரிசைக் குழாய்களில் குண்டூசி நுழையவில்லை.

வேல், ஆத்தங்குடி அக்கா, மில் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. டிப்போ அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆத்தங்குடி_டாக்ஸி · மே 19, இரவு 9:05

அம்மா நிம்மதியாகப் போய் வந்தார்களே, அது போதும் தம்பி. என் இரண்டு வண்டியிலும் இன்றைக்கே கிளாம்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றில் அதே வெள்ளை இருக்கிறது. நாளைக்குப் பட்டறைக்குப் போகிறது.

டிப்போ_கை · மே 20, காலை 6:00

நல்ல செய்தி. ஒரு மாதம் கழித்து ஆறிய வண்டியில் கூலன்ட் பாட்டில் மட்டத்தைப் பாருங்கள், கோடு போட்டு வையுங்கள். இறங்கினால் எனக்கு எழுதுங்கள். டிக்கியில் இரண்டு லிட்டர் கலந்த கூலன்ட் இருக்கட்டும், போர் தண்ணீர் கேன் வேண்டாம்.

அறுத்த ரேடியேட்டரை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். இங்கே என்னிடம் வேலை பழகும் மூன்று பையன்கள் இருக்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துவிட்டேன், கையில் கொடுத்துக் காட்ட வேண்டும்.

ஊருணிக்கரை · மே 20, காலை 7:15

சனிக்கிழமை தேவகோட்டைக்கு வேலை இருக்கிறது அண்ணே. டிக்கியில் போட்டு எடுத்து வருகிறேன்.